வேளாண்மையில் பசுமை உற்பத்தித்திறன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாடுகளின் வேளாண்மையை எண்களாக ஒப்பிடும் அட்டவணைகளோடு சில ஆண்டுகளாகக் காலம் தள்ளுகிறேன். ஆய்வேடு எழுதுபவர்கள், செய்தி எழுதுபவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் என்று யார் வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

உற்பத்தித்திறன் என்றால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பதுதானே?

அது மகசூல். விளைந்ததை நிலம் என்ற ஒரே இடுபொருளால் வகுத்த கணக்கு. ஹெக்டேருக்கு 4 டன் விளைந்த இடத்தில் 5 டன் விளைந்தால் சந்தோஷம்தான். அந்தக் கூடுதல் ஒரு டன்னுக்காக உரம் இரட்டிப்பானதா, இன்னும் நான்கு பேர் வயலில் இறங்கினார்களா என்பதை அந்த எண் சொல்லாது.

அதனால்தான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்று ஒன்றைப் பார்க்கிறோம். நிலம், உழைப்பு, இயந்திரம், கால்நடை, உரம், தீவனம் எல்லாவற்றையும் அவற்றின் செலவுப் பங்குக்கு ஏற்ப எடை கொடுத்து ஒரே எண்ணாகச் சேர்த்து, அதனால் மொத்த விளைபொருளை வகுப்பது. ஒரு நாட்டின் விளைபொருள் 100-லிருந்து 110 ஆனது, இடுபொருள் 100-லிருந்து 105 ஆனது என்றால் 110/105 = 1.048. அதாவது 4.8% உயர்வு. போட்டது கூடியதால் வந்த விளைச்சலைக் கழித்தபின் மிஞ்சும் பகுதி இது. 1957-இல் ராபர்ட் சோலோ இந்த மிச்சத்தைக் கணக்கிட்டுக் காட்டியபின் அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு ஓராண்டு முன்பே மோசஸ் அப்ரமோவிட்ஸ் இதை நம் அறியாமையின் அளவு என்று சொல்லியிருந்தார். இன்றும் அந்த எச்சரிக்கை செல்லும்.

சரி, இதில் பசுமை எங்கே வருகிறது?

ஒரு வயலிலிருந்து விற்பனைக்குப் போவது ஒன்று, யாரும் கேட்காமலே வெளியேறுவது இன்னொன்று. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட், அரித்துப் போகும் மேல்மண். இவற்றுக்குச் சந்தையில் விலை இல்லை. விலை இல்லாததால் வழக்கமான கணக்கில் இவற்றின் மதிப்பு பூஜ்யம். பசுமைக் கணக்கு இவற்றைக் கெட்ட விளைபொருள் என்று பெயரிட்டு உள்ளே கொண்டுவருகிறது.

மேலே சொன்ன அதே நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விளைபொருள் 100-லிருந்து 110 ஆனபோது வெளியேற்றம் 50-லிருந்து 60 ஆனது என்று வைப்போம். ஓர் அலகு விளைபொருளுக்கு 0.5 இருந்தது 0.545 ஆகிவிட்டது. வழக்கமான கணக்கில் முன்னேறிய நாடு, பசுமைக் கணக்கில் அந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ இழக்கும். எவ்வளவு என்பது கெட்டதற்கு நீங்கள் தரும் எடையைப் பொறுத்தது.

டோக்கியோவில் உள்ள ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பு 1994 முதல் இதே பெயரில் ஒரு திட்டம் நடத்துகிறது. அது பண்ணையிலும் ஆலையிலும் கழிவைக் குறைக்கும் நடைமுறை வழிகளைப் பற்றியது. இங்கே பேசுவது நாடுகளை ஒப்பிடும் குறியீடு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

கெட்ட விளைபொருள் பட்டியலில் எதையெல்லாம் சேர்க்கிறார்கள்?

தரவு கிடைப்பதை. கசப்பான பதில்தான், ஆனால் அதுதான் உண்மை. பசுங்குடில் வாயுக்களுக்கு ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் நீண்ட வரிசைகள் கிடைப்பதால் பெரும்பாலான ஆய்வுகள் அவற்றோடு நின்றுவிடுகின்றன. நிலத்தில் இட்டதில் பயிர் எடுத்தது போக மிஞ்சும் தழைச்சத்து (நைட்ரஜன்) உபரி, மணிச்சத்து (பாஸ்பரஸ்) உபரி ஆகியவற்றை, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. தன் உறுப்பு நாடுகளுக்குத் தொகுத்துத் தருகிறது. அதை எடுப்பவர்களும் உண்டு. பூச்சிக்கொல்லியைக் கிலோ கணக்கில் கூட்டிப் போடுவது எனக்கு ஒப்பாத வேலை. நச்சுத்தன்மை மருந்துக்கு மருந்து அத்தனை மாறும்போது, ஒரு கிலோவும் ஒரு கிலோவும் இரண்டு கிலோ என்பதில் என்ன பொருள்?

பல்லுயிர் வளம், மண்ணின் கரிமம், நீர்நிலைகளின் தரம் ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கின்றன. உலகம் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70% வேளாண்மைக்குப் போகிறது. அப்படியிருந்தும் பல குறியீடுகளில் தண்ணீருக்குத் தனி வரிசை கிடையாது. எனவே ஒரு நாடு பசுமையானது என்ற வாக்கியத்தைப் படித்தால், எந்தக் கெட்டதை வைத்து என்று முதலில் கேளுங்கள்.

வெளியேற்றத்தை யார் வயல்வயலாகப் போய் அளக்கிறார்கள்?

யாரும் இல்லை. சோதனை வயல்களில் அளந்து பெற்ற ஒரு குணகத்தை, அதாவது ஒரு கிலோ உரத்துக்கு, ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்ற எண்ணை எடுத்து, நாட்டின் உர அளவாலும் மாட்டு எண்ணிக்கையாலும் நெல் பரப்பாலும் பெருக்குகிறார்கள். ஒருமுறை கூடவே இருந்து பார்த்துவிடலாம். 217 கிலோ யூரியா. அதில் 46% தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 100 கிலோ. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டுதல்படி இதில் 1% நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கும் நைட்ரஜன்: 1 கிலோ. அதை வாயுவின் எடையாக மாற்ற 44/28-ஆல் பெருக்கினால் 1.57 கிலோ. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதற்கு அதே குழுவின் ஐந்தாம் அறிக்கை தரும் 265-ஆல் பெருக்கினால் 416 கிலோ. நான்காம் அறிக்கையின் 298-ஐப் போட்டால் 468.

இத்தோடு முடியவில்லை. 2019-இல் திருத்தியபோது இந்த 1% இரண்டாகப் பிரிந்தது: ஈரமான தட்பவெப்பத்தில் செயற்கை உரத்துக்கு 1.6%, வறண்ட இடங்களில் 0.5%. இப்போது அதே யூரியா ஓரிடத்தில் 666 கிலோ, இன்னோரிடத்தில் 208 கிலோ. உழவர் எதையும் மாற்றவில்லை, மூட்டையும் மாறவில்லை, எண் மும்மடங்குக்கு மேல் விலகிவிட்டது. இரண்டு ஆய்வுகள் ஒரே நாட்டுக்கு வேறு வேறு முடிவு சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வெளியேற்றம் என்பது உரத்தை ஒரு மாறாத எண்ணால் பெருக்கியதுதான் என்றால், உரத்தை இடுபொருளாகவும் வெளியேற்றத்தைக் கெட்ட விளைபொருளாகவும் ஒரே மாதிரியில் போடும்போது ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். உரத்தைச் சரியான நேரத்தில் பிரித்துப் போட்டு வெளியேற்றத்தைக் குறைத்த உழவரின் உழைப்பு அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. இதைப் பின்னால் வரும் கேள்விகளிலும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்ப முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள்? டிராக்டர் எண்ணிக்கையா?

இல்லை. டிராக்டர் இடுபொருள் பக்கம் போய்விடும். இங்கே தொழில்நுட்பம் என்பதற்கு, இருக்கும் இடுபொருளைக் கொண்டு அதிகபட்சம் எவ்வளவு விளைவிக்க முடியும் என்ற எல்லை என்று பொருள். எல்லையே மேலே நகர்ந்தால் அது தொழில்நுட்ப முன்னேற்றம். எல்லைக்கும் ஒரு நாட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் அது செயல்திறன் மாற்றம், பேச்சுவழக்கில் சொன்னால் எட்டிப் பிடித்தல்.

சின்னக் கணக்கு ஒன்று. முதல் ஆண்டில் ஓர் அலகு இடுபொருளுக்கு முன்னணி நாடு 10 டன், நம் நாடு 6 டன். நம் செயல்திறன் 0.6. சில ஆண்டு கழித்து முன்னணி 12, நாம் 6.6. செயல்திறன் 0.55. எல்லை 1.2 மடங்கு உயர்ந்தது, நம் செயல்திறன் 0.917 மடங்காகச் சரிந்தது. இரண்டையும் பெருக்கினால் 1.1, நாம் உண்மையிலேயே வளர்ந்த 10% அதுதான். வளர்ந்தும் பின்தங்கினோம். இப்படிப் பிரித்துக் காட்டுவதுதான் மால்ம்க்விஸ்ட் குறியீடு. ஸ்டென் மால்ம்க்விஸ்ட் என்ற சுவீடன் பொருளியலாளர் 1953-இல் நுகர்வு பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர். 1982-இல் உற்பத்திக்குப் பொருத்தினார்கள். 1994-இல் பொருளியலாளர் ஃபாரேயும் கூட்டாளிகளும் தொழில்வள நாடுகளுக்கு இந்தப் பிரிப்பைச் செய்து காட்டியபின் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

பிரிப்பு ஏன் முக்கியம் என்றால் மருந்து வேறு. எல்லை நகரவில்லை என்றால் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். எல்லை ஓடுகிறது, நாடு நிற்கிறது என்றால் விரிவாக்கப் பணி, கடன், சாலை, விதை கைக்குப் போய்ச் சேருதல்.

அந்த எல்லையை வரைவது யார்?

தரவே வரைகிறது. தரவு உறைப் பகுப்பாய்வு என்ற முறையில், சிறப்பாகச் செய்யும் நாடுகளைப் புள்ளிகளாக வைத்து அவற்றின்மேல் ஒரு போர்வையை இழுத்துப் போர்த்துவதுபோல எல்லை அமைகிறது. 1957-இல் ஃபாரெல் போட்ட அடித்தளத்தில் 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் கட்டியது. விலை வேண்டாம், சமன்பாட்டின் வடிவம் வேண்டாம். ஆனால் ஒரு நாட்டின் தரவு தவறாக உயர்ந்து நின்றால் போர்வை அங்கே தூக்கிக்கொள்ளும், மற்ற எல்லோரும் மோசமாகத் தெரிவார்கள்.

இன்னொன்று தற்செயல் எல்லை முறை, 1977-இல் வந்தது. வானிலை, அளவைப் பிழை போன்ற இரைச்சலைத் தனியே ஒதுக்கும். பதிலுக்கு, உற்பத்திச் சமன்பாடு இன்ன வடிவில் இருக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் சொல்லும். வேளாண்மையில் இரைச்சல் அதிகம் என்பதால் என் சாய்வு இரண்டாவது பக்கம். கெட்ட விளைபொருளைச் சேர்க்கும்போது முதலாவதுதான் கையாள எளிது என்பதால் பசுமை ஆய்வுகளில் அதுவே மிகுதி.

கெட்டதற்கு ஒரு விலை போட்டு வருமானத்திலிருந்து கழித்துவிட்டால் முடிந்ததே?

விலை தெரிந்தால் முடிந்தது. ஒரு டன் மீத்தேனின் விலை என்ன என்பதில் உலகம் உடன்படாததால்தான் இத்தனை முறைகள். சிலர் வெளியேற்றத்தை இன்னோர் இடுபொருளாக எண்ணிவிடுகிறார்கள்: குறைவாகப் பயன்படுத்தினால் நல்லது. கணக்குக்கு வசதி, ஆனால் மீத்தேனை விதைத்து நெல் அறுக்கும் கதை ஆகிவிடும்.

அதிகம் புழங்குவது திசைத் தொலைவு முறை. ஒரு நாடு நல்லதை எத்தனை சதவீதம் கூட்டி, அதே நேரத்தில் கெட்டதை அதே சதவீதம் குறைத்தால் எல்லையைத் தொடும் என்று கேட்கிறது. விளைபொருள் 100, வெளியேற்றம் 50 உள்ள நாடு 120-க்கும் 40-க்கும் போக முடியும் என்றால் இடைவெளி 0.2. ஆண்டுக்கு ஆண்டு இந்த இடைவெளியும் எல்லையும் மாறுவதை ஒப்பிட்டால் கிடைப்பது மால்ம்க்விஸ்ட்-லூயன்பெர்கர் குறியீடு. 1997-இல் சுவீடனின் காகிதக் கூழ் ஆலைகளுக்காக முதலில் செய்தது, பின்னர் வயலுக்கு வந்தது. நெருப்பில்லாமல் புகையாது என்பதை இந்த முறை ஒரு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது: கெட்டது பூஜ்யம் ஆக வேண்டுமானால் நல்லதும் பூஜ்யம் ஆக வேண்டும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. வயலுக்குள் போன 100 கிலோ தழைச்சத்தில் 50 கிலோ தானியத்தோடு வெளியேறினால், மீதி 50 மண்ணிலோ நீரிலோ காற்றிலோ இருந்தாக வேண்டும்; பொருள் மாயமாவதில்லை. சில மாதிரிகள் இந்த வரவு செலவை மீறும் விடைகளையும் சிறப்பு என்று ஏற்றுக்கொள்கின்றன. அதனால் நல்லதற்கு ஒரு தொழில்நுட்பம், கெட்டதற்கு ஒரு தொழில்நுட்பம் என்று இரண்டு எல்லை வரையும் முறைகள் வந்திருக்கின்றன. மாணவர்களிடம் நான் சொல்வது: இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். நாடுகளின் வரிசை தலைகீழானால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

லூயன்பெர்கர் போட்டேன், நாலைந்து நாட்டுக்கு விடையே வரவில்லை. நான் தப்பு செய்தேனா?

பெரும்பாலும் இல்லை. ஓர் ஆண்டின் புள்ளியை வேறோர் ஆண்டின் எல்லையோடு ஒப்பிடும்போது, அந்தத் திசையில் எல்லையே இல்லாமல் போகலாம். அம்பு விட்டால் சுவரில் படாமல் தாண்டிப் போவதுபோல. அந்த நாடுகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு சராசரி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கூடாது.

எல்லா ஆண்டுகளின் தரவையும் ஒன்றாகக் குவித்து ஒரே எல்லை வரைந்தால் இந்தச் சிக்கல் இல்லை. உலகளாவிய குறியீடு என்று இதைச் சொல்வார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. புதிதாக ஓர் ஆண்டைச் சேர்த்தால் எல்லை மாறி, பழைய ஆண்டுகளுக்கு நீங்கள் ஏற்கெனவே அறிவித்த எண்களும் மாறக்கூடும்.

தொழில்நுட்பம் பின்னோக்கிப் போனதாக வருகிறது. உழவர்கள் மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. மழை பெய்யவில்லை. எல்லையில் நிற்கும் நாடு வறட்சியில் சிக்கினால் எல்லையே கீழே இறங்கி, அட்டவணையில் தொழில்நுட்பப் பின்னடைவு என்று அச்சாகும். இதில் பெரிய ஆய்வாளர்களும் திணறியிருக்கிறார்கள். 1961 முதல் 1985 வரை 18 வளரும் நாடுகளைப் பார்த்த ஓர் ஆய்வில் பல நாடுகளின் உற்பத்தித்திறன் சரிந்ததாக வந்தது. ஐ.ஆர்.8 நெல் 1966-இல் வெளிவந்து பசுமைப் புரட்சி நடந்துகொண்டிருந்த அதே காலம்! பின்னர் 93 நாடுகளின் 1980 முதல் 2000 வரையான தரவில் கோயெல்லியும் ராவும் ஆண்டுக்கு 2.1% வளர்ச்சி கண்டார்கள்; அதில் எட்டிப் பிடித்தல் 0.9, எல்லை நகர்வு 1.2. காலம், நாடுகள், முறை எல்லாம் மாறியதால் கதையும் மாறியது.

கைக்கொள்ள வேண்டியது: ஒற்றை ஆண்டை நம்பாமல் மூன்றாண்டு, ஐந்தாண்டு சராசரி எடுங்கள். ஒருமுறை கற்ற நுட்பம் கையில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளின் எல்லையையும் சேர்த்துக்கொள்ளும் தொடர் முறையும் இருக்கிறது.

எத்தனை நாடுகளை எடுத்தால் போதும்?

இடுபொருளும் விளைபொருளும் சேர்த்து எத்தனை தரவு வரிசையோ, அதைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்பது பழக்கத்தில் உள்ள கைக்கணக்கு. வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு நாடும் ஏதோ ஒன்றில் தனித்து நின்று 1 என்ற முழு மதிப்பெண் வாங்கிவிடும். எல்லோரும் முதல் ரேங்க் வாங்கிய வகுப்பில் தேர்வு வைத்து என்ன பயன்?

பணக்கார நாட்டையும் ஏழை நாட்டையும் ஒரே எல்லையில் நிறுத்துவது நியாயமா?

நியாயமான கேள்வி. ஜப்பானில் நிலம் குறைவு, அதனால் உரத்தை நன்றாக ஏற்கும் விதைகளைத் தேடினார்கள். அமெரிக்காவில் ஆள் குறைவு, அதனால் இயந்திரம் வளர்ந்தது. எது அரிதோ அதை மிச்சப்படுத்தும் திசையில் கண்டுபிடிப்புகள் ஓடும் என்பதைப் பொருளியலாளர்கள் ஹயாமியும் ரட்டனும் இந்த இரண்டு நாடுகளை வைத்துத்தான் காட்டினார்கள். எனவே எல்லோருக்கும் ஒரே தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது பெரிய அனுமானம்.

இதற்காகவே நாடுகளைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஓர் எல்லை, அவற்றையெல்லாம் மூடும் ஒரு பேரெல்லை என்று இரண்டடுக்காக வரைகிறார்கள். ஒரு நாடு தன் குழு எல்லையில் இருந்தும் பேரெல்லைக்குக் கீழே வெகுதூரத்தில் இருந்தால், குறை அந்த நாட்டு உழவரிடம் இல்லை. அவருக்குக் கிடைத்திருக்கும் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. குழு பிரிக்க வருமானத்தைவிடத் தட்பவெப்ப மண்டலம் பொருத்தம் என்பது என் எண்ணம்.

உரத்தை நிறுத்திவிட்டால் பசுமை எண் தானாக ஏறிவிடுமே?

இலங்கை 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது. இடையில் நெல் விளைச்சல் கடுமையாக விழுந்து, அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. கெட்டது குறைந்தது, நல்லது அதைவிட வேகமாகக் குறைந்தால் குறியீடு ஏறாது. திசைத் தொலைவு முறை இரண்டையும் சேர்த்தே பார்க்கும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கம் டென்மார்க். 1980களின் நடுவிலிருந்து அடுத்தடுத்துச் செயல்திட்டங்கள் போட்டு, சாணத்தைச் சேமித்து வைக்கும் முறை, இடும் காலம், பயிருக்கு இவ்வளவுதான் என்ற தழைச்சத்து ஒதுக்கீடு என்று ஒவ்வொன்றாக இறுக்கினார்கள். உபரி பெரிதும் குறைந்தது, உற்பத்தி சரியவில்லை. சீனா 2015-இல், 2020-க்குள் உரப் பயன்பாடு மேலும் கூடாமல் நிறுத்துவது என்று இலக்கு வைத்தது; அதன்பின் பயன்பாடு இறங்கியது, தானிய உற்பத்தி இறங்கவில்லை. முன்பு அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டிருந்த நாடு என்பதால் குறைக்க இடமிருந்தது. ஏற்கெனவே மிகக் குறைவாக உரமிடும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கதை நேர்மாறு. அங்கே கொஞ்சம் கூட்டினால் நல்லது வேகமாகவும் கெட்டது மெதுவாகவும் கூடும்.

காட்டை அழித்து விளைவித்தால் அதுவும் கணக்கில் வருமா?

ஆய்வைப் பொறுத்தது, இங்கேதான் பெரிய விளையாட்டு நடக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளிவிவரத்தில் பண்ணை வாசலுக்குள் வரும் வெளியேற்றம் தனி, நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் வருவது தனி. பெரும்பாலான பசுமைக் குறியீடுகள் முதலாவதை மட்டும் எடுக்கின்றன. பிரேசிலை நினைத்துப் பாருங்கள். 1973-இல் தொடங்கிய எம்ப்ராப்பா ஆராய்ச்சி நிறுவனம் செராடோ என்ற புல்வெளிப் பகுதியின் அமில மண்ணைச் சுண்ணாம்பு இட்டுத் திருத்தி, வெப்ப மண்டலத்துக்கேற்ற சோயா ரகங்களைக் கொண்டுவந்தது. உலகமே பாராட்டும் தொழில்நுட்ப முன்னேற்றம். காடழிப்பை வெளியே வைத்தால் அந்த வெற்றி மட்டும் தெரியும். உள்ளே வைத்தால் அமேசானும் தெரியும். இரண்டு எண்ணும் பொய்யில்லை, கேட்ட கேள்வி வேறு.

தீவனத்தை வெளியே வாங்கி மாடு வளர்த்தால்?

தீவனம் விளைந்த நிலமும் அங்கே வந்த வெளியேற்றமும் விற்ற நாட்டின் கணக்கில். சாணம் வாங்கிய நாட்டின் கணக்கில். நெதர்லாந்து இப்படித்தான் சிறு நிலத்தில் பெரும் கால்நடைத் தொழில் நடத்தி, 2019-இல் அதன் உச்ச நிர்வாக நீதிமன்றம் தழைச்சத்து அனுமதி முறையை ரத்து செய்யும் அளவுக்குச் சிக்கலில் மாட்டியது. தழைச்சத்து உபரியைக் கெட்டதாக எடுத்தால் இது தெரியும், நிலத்தின் மகசூலை மட்டும் பார்த்தால் தெரியாது.

நெல் விளைவிக்கும் நாடுகளுக்கு இது அநியாயம் இல்லையா?

ஓரளவு உண்மை. நீர் தேங்கிய வயலில் காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. கோதுமை வயலில் இது இல்லை. மீத்தேனை நூறாண்டு அளவுகோலில் வைத்தால் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு. இருபதாண்டு அளவுகோலில் 80 மடங்குக்கு மேல். எந்த அளவுகோல் என்ற ஒரே தேர்வில் நெல் நாடுகளும் மாட்டு நாடுகளும் அட்டவணையில் படியிறங்கும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும். ஐ.பி.சி.சி. குணகங்களின்படியே, பருவத்தில் பலமுறை காயவிடும் வயலில் மீத்தேன் ஏறத்தாழப் பாதிதான். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், ஆனாலும் மொத்தத்தில் லாபம். பிரச்சினை என்னவென்றால், எந்தப் பரப்பில் எப்படி நீர் கட்டுகிறார்கள் என்று நாடு கணக்கெடுக்காவிட்டால் மொத்த நெல் பரப்பும் பழைய குணகத்தாலேயே பெருக்கப்படும். யூரியா கணக்கில் சொன்ன அதே ஊனம்.

குறியீடு ஏறுகிறது, மொத்த வெளியேற்றமும் ஏறுகிறது. எது சரி?

இரண்டும். ஒரு கிலோ பாலுக்கான வெளியேற்றம் 20% குறைந்து, பால் உற்பத்தி 50% கூடினால் மொத்தம் 0.8 × 1.5 = 1.2, அதாவது 20% கூடியிருக்கிறது. வளிமண்டலத்துக்கு மொத்தம்தான் கணக்கு, விகிதம் இல்லை. திறன் கூடிச் செலவு குறைந்ததால் உழவர் இன்னும் கொஞ்சம் நிலத்தை உடைக்கவும் கூடும். அதிக மகசூல் காட்டைக் காப்பாற்றும் என்றார் பசுமைப் புரட்சியின் கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக். உலக அளவில் அதில் உண்மை உண்டு. ஏற்றுமதிச் சந்தை திறந்திருக்கும் ஒரு தனி நாட்டில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது.

காலநிலை மாற்றமே உற்பத்தித்திறனைக் குறைத்தால் அது யார் கணக்கில் எழுதப்படும்?

எல்லோருடைய கணக்கிலும் கலந்துதான் கிடக்கிறது. 1961-க்குப் பின் மனிதரால் நேர்ந்த காலநிலை மாற்றம் உலக வேளாண் உற்பத்தித்திறனை, அது இல்லாதிருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட 21% குறைத்திருக்கிறது என்று 2021-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வெப்பமான பகுதிகளில் இழப்பு இன்னும் அதிகம். எல்லை கீழே இறங்கும் சிக்கலைப் பேசும்போது மழையைச் சொன்னேன்; அது ஓராண்டுத் தொல்லை. இது அறுபது ஆண்டாக மெல்ல இழுக்கும் சுமை, சராசரி எடுத்தாலும் மறையாது. வெப்பநிலையையும் மழையையும் தனி மாறிகளாகச் சேர்க்காத மாதிரியில், நல்ல விதை கொடுத்த ஆய்வாளரின் உழைப்பும் வெயில் தின்ற விளைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும்.

நானே போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்கலாம்?

அமெரிக்க வேளாண் துறை 1961 முதல் நாடுவாரியாக மொத்தக் காரணி உற்பத்தித்திறன் அட்டவணையை இலவசமாக வைத்திருக்கிறது. பாசன நிலம், மானாவாரி நிலம், மேய்ச்சல் நிலம் மூன்றுக்கும் தரத்துக்கேற்ற எடை கொடுத்திருக்கிறார்கள், அது பெரிய உதவி. வெளியேற்றத்துக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் என்ற தரவுத்தளம். முதல் நாளே லூயன்பெர்கருக்குப் போகாதீர்கள். பத்து நாடுகளுக்கு ஓர் அலகு விளைபொருளுக்கான வெளியேற்றத்தை ஐந்தாண்டு சராசரியாகக் கோடு போட்டுப் பாருங்கள். பாதி விஷயம் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், எந்த நாடாவது திடீரென்று ஓராண்டில் எகிறினால் உடனே கொண்டாடாமல் மூலத் தரவின் கால்நடை வரிசையைத் திறந்து பாருங்கள். கணக்கெடுப்பு இல்லாத ஆண்டுகளில் எண்ணிக்கையை உத்தேசமாக இழுத்துக்கொண்டே வந்து, கணக்கெடுப்பு நடந்த ஆண்டில் ஒரே தாவாகத் திருத்தியிருப்பார்கள். நான் மூன்று வாரம் மூளையைக் கசக்கித் தேடிய ஒரு தொழில்நுட்பப் பாய்ச்சல், கடைசியில் காகிதத்தில் காணாமல் போன மாடுகளாக இருந்தது.